ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர்

இருங்க தம்பி, இருங்க. ஒயரை இப்பவே கழட்டாதீங்க. கோயமுத்தூர்ல இருந்து காலங்காத்தால கெளம்பி வந்திருக்கறீங்க, எனக்குத் தெரியாதுங்களா? அதுக்காக வந்ததும் வராததுமா தூக்கிட்டுப் போறதுக்கு இது என்ன கெணத்து மோட்டருங்களா? உக்காருங்க. அந்தச் சேருல வேண்டாங்க, அது நான் உக்கார்றது. இந்த ஸ்டூலு மேல உக்காருங்க. சுகுணா, தம்பிக்குக் காப்பி வெய்யி!

குடுக்கறனுங்க. குடுக்க மாட்டேன்னு நான் சொல்லலீங்க. போனுல வெளம்பரம் போட்டது என்ற ஊட்டுக்காரி. பழைய கம்ப்யூட்டரு, நல்ல ஓட்டத்துல இருக்குதுன்னு படம் புடிச்சுப் போட்டுட்டா. எடத்தை அடைச்சுட்டு நிக்குது, அங்க ஒரு தையல் மிசினாச்சும் போடலாமுங்கறா. நானும் சரின்னு தலையாட்டிட்டேன். ஆனா இது நானும் என்ற தங்கச்சியும் ஒட்டுக்கா உக்காந்து ஆடுன மிசினுங்க. ஒரு ஆட்டம் பாதில நிக்குது. இன்னிக்குக் குடுக்கப் போறேன், அதுக்கு முன்னால ஒருக்கா வந்துட்டுப் போ, ரெண்டு பேருமா உக்காந்து அதை முடிச்சுப் போடலாம்னு காத்தால போன் பண்ணிச் சொல்லியிருக்கறேன். வெள்ளகோயல்ல கட்டிக் குடுத்திருக்குதுங்க. பஸ் ஏறுனா உச்சிக்குள்ள வந்தரலாம். 'பாக்கறேங்ணா'ன்னா. எப்பவும் அப்படித்தான் சொல்லுவா, வர மாட்டா. ஆனா இந்தத் தடவ வருவா. மிசினே போகப் போவுதில்லீங்க, வருவா. வந்து ஒருக்கா உக்காந்து எந்திரிச்சுட்டாள்னா நானே தூக்கி உங்க வண்டில வெச்சுடறேன்.

எதுங்க? அந்தக் கீறலுங்களா? பாத்துட்டீங்களா? நல்ல கண்ணுங்க உங்களுக்கு. ஆமாங்க, எடது பக்கம், கீழ் மூலைல. கண்ணாடிக்கு மேல ஒரு பூச்சு இருக்குமில்லீங்க, அது போயிருக்குது. அது என்ற தங்கச்சியோட கைங்கரியம். கோகிலவாணின்னு பேரு, ஊட்ல வாணி. புத்தம்புது மானிட்டருங்க. ஈரோட்டுல இருந்து வேனுல மெத்தை விரிச்சு, கல்யாணப் பொண்ணைக் கூட்டியாற மாதிரிக் கூட்டியாந்தது. ஆயுத பூசைக்குச் சந்தனம் வெக்கறேன்னு எங்கம்மா வந்தாலே நான் கிட்ட உட மாட்டேன். அதுல போயி ஹேர்பின்னுல கீறி வெச்சா. அதைக் கேட்டதுக்குத்தான் எந்திரிச்சுப் போனா. போனவ இன்னி வரைக்கும் இந்த ஸ்டூலு மேல உக்காரலீங்க. இத்தனூண்டு வார்த்தைக்கு.

சொல்றனுங்க. அவ வர்ற வரைக்கும் பொழுதும் போகோணுமில்லீங்க.

நான் இஞ்சினீரிங் சேந்தப்ப எங்கப்பா வாங்கிக் குடுத்தாரு. மஞ்சக் காட்டுக்காரரு அவரு. படிப்புன்னா உசுரு. என்னைய ராசிபுரத்துப் பக்கம் ஆஸ்டல்ல போட்டு இங்கிலீசு மீடியம் படிக்க வெச்சாரு. வாணி இங்கயே சிவகிரில கவர்மெண்ட்டு ஸ்கூலு. பையனுக்கு ஒண்ணு, புள்ளைக்கு ஒண்ணுன்னு எங்கூட்ல வித்தியாசமே பாத்ததில்லீங்க. அவளுக்கும் புதுச் சைக்கிளு எடுத்துக் குடுத்தாரு. லேடீஸ் சைக்கிளு, முன்னாடி கூடையெல்லாம் வெச்சது.

அந்த ஒரு கோடை லீவுதானுங்க. நான் காலேஜ் லீவுக்கு வந்திருந்தேன். அவ பிளஸ் டூ எழுதிப்போட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தா. ஆஸ்டல்ல ஒரு பையன்கிட்ட வாங்கியாந்த சீடி நாலஞ்சு இருந்துச்சு. எல்லாம் இந்த மாதிரி ஆட்டம். இப்பத்திப் பசங்க சுட்டுத் தள்ளறாங்களே, அது மாதிரி இல்லீங்க. ஒரு ரூமு வரும், படம் வரைஞ்ச மாதிரி. மவுஸோட அம்பைக் கொண்டு போயி கதவு மேல வெச்சா கதவுன்னு எழுத்து வரும், செவுத்து மேல வெச்சா ஒண்ணும் வராது. தட்டுனா நம்மாளு மெதுவா நடந்து போவான், தொறப்பான், எடுப்பான், ஆளிருந்தா பேசுவான். எடுத்த சாமானைப் பையில போட்டுக்குவான். ஒண்ணோட ஒண்ணைச் சேத்தா புதுசா ஒண்ணு ஆகும். அவசரமே கெடையாது. நீ ரோசனை பண்ணி முடிக்கற வரைக்கும் அவன் பாட்டுக்குக் கையைக் கட்டிட்டு நிப்பான். அட, உங்களுக்குப் போயிச் சொல்றேன் பாருங்க, இதுக்குன்னே ஊரூராப் போயிப் பழைய மிசினு வாங்கற ஆளு நீங்க.

மத்தியானச் சோத்தைத் தின்னுட்டு உக்காந்தோமுன்னா வெளக்கு வெக்கற நேரத்துக்குத்தான் எந்திரிப்போம். மேல ஓடு, ஒரு ஃபேனு. வேர்த்து ஊத்தும். அது ஒரு சொகமுங்க. இந்தச் சேரு எனக்கு, அந்த ஸ்டூலு அவளுக்கு. மவுஸ் எங்கிட்டத்தான். அதுல மாத்தமே கெடையாது. ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர்தானுங்க? ரெண்டு பேரு ஸ்டீரிங்கைப் புடிச்சா வண்டி வாய்க்கால்லதான் எறங்கும். அவ கேக்காம இல்ல, கேட்டா. 'ஒருக்காக் குடுங்ணா, நானும் புடிச்சுப் பாக்கறேன்'ம்பா. 'நாளைக்குத் தர்றேன் அம்மிணி'ன்னு சொல்லுவேன். நாளைக்கு, நாளைக்குன்னு சொல்லியிருப்பனே தவிர, தர மாட்டேன்னு ஒரு நாளும் என்ற வாயில வந்ததில்லீங்க.

திரையில வெரலு வெக்கக் கூடாதுன்னு மட்டும் ஒரு சட்டம் போட்டிருந்தேன். ரேகை உழுந்துரும் பாருங்க. அதனால சீமாத்துல இருந்து ஒரு குச்சியை உருவி வெச்சுக்குவா. டீச்சரம்மாவாட்ட அதுல தொட்டுத் தொட்டுக் காட்டுவா. 'அங்க ஒரு கவுறு தொங்குது பாருங்ணா. அந்தாளு பொய் சொல்றானுங்ணா, அவன் மூஞ்சியப் பாருங்க.' நாளுக்கொரு குச்சி ஒடியும். எங்கம்மா கூட்டறதுக்குச் சீமாத்தை எடுத்துட்டு, என்னடி இது மயிரு உதுந்த வாலாட்ட எளைச்சுட்டே போவுதுன்னு வையும்.

மொத ஆட்டம் ஒரு மந்திரவாதி ஊட்டு வேலைக்காரன் கதை. ரசத்தைத் தீய வெச்சுட்டான்னு அவனைப் பாதாளத்துல தள்ளிப் போடுவாங்க, அவன் வெளிய வரோணும். அதுல ஒரு கிளி. பூட்டுக்கு உண்டான வார்த்தை அந்தக் கிளிக்கு மட்டுந்தான் தெரியும், ஆனா அது பேசாது. நான் பழம் குடுத்தேன், ரொட்டி குடுத்தேன், சாராயம் குடுத்தேன், கத்தியைக் காட்டிக்கூட மெரட்டிப் பாத்தேன். ஒரு வாரம் ஆடுனேனுங்க. வாணி மெதுவாச் சொன்னா, 'அது நம்ம பக்கத்துத் தோட்டத்துக் கிளியாட்டங்ணா. ஆளு இருந்தாப் பேசாது. துணியப் போட்டு மூடுங்க, யாருமில்லைன்னு நெனச்சுத் தானாப் பேசிக்கும்.' நான்தான் மேசை மேல கெடந்த துணியைத் தேடிப் புடிச்சு எடுத்து, நான்தான் கூண்டை மூடுனேன். கிளி பேசிருச்சு! எப்படிக் கத்துனோம் தெரியுமுங்களா? எங்கப்பா பாம்பு வந்துருச்சுன்னு தடியைத் தூக்கிட்டு ஓடியாந்துட்டாரு. அந்த ஆட்டத்தை நான் முடிச்சதை ஆஸ்டல்ல சொன்னேன், ஒருத்தனும் நம்பல. கிளியத் தாண்டுனவன் எங்க காலேஜ்லயே நான் ஒருத்தன்தானுங்க.

இங்கிலீசுல பேசுவாங்கதான். எனக்குப் படிக்கத் தெரியாமயா? பதினஞ்சு வருசம் இங்கிலீசு மீடியம். ஆனா வரி வரியாப் படிச்சுட்டு உக்கார யாருக்குங்க பொறுமை இருக்குது? நான் தட்டிட்டே போயிருவேன். அவதான் என்ற பழைய டிக்சனரிய மடில வெச்சுட்டு, 'இருங்ணா, இருங்ணா, அவன் ஏதோ முக்கியமாச் சொல்றான்'னு எழுத்துக்கூட்டிப் பாத்துச் சொல்லுவா. அவளுக்கும் நாலு வார்த்தை தெரிஞ்ச மாதிரி ஆச்சு. என்னால அவளுக்கு ஒரு ஒபகாரம்னு வெச்சுக்குங்களேன்.

காப்பி எடுத்துக்குங்க. ஆறிப் போயிரும்.

பாருங்க, ஆரன் சத்தம். இது ஈரோட்டுக்குப் போற வண்டி, அவ வர்ற வழிதான். சுகுணா, வாசப்பக்கம் எட்டிப் பாரு. யாரும் எறங்கலியா? சரி. இதுக்குப் பின்னால இன்னொண்ணு இருக்குது.

அப்பறந்தான் இந்த ஆட்டத்தை ஆரம்பிச்சோம், இப்ப நிக்குதே இது. பனி மலைல ஒரு ரயில்வே ஸ்டேசன். பனி மூடிட்டே வருது, ஊரெல்லாம் கெளம்பிருச்சு. கைகாட்டிக்காரன் ஒருத்தன் மட்டும் கடைசி ரயில எடுத்துட்டு மலைக்கு அக்கட்டால போயிச் சேரோணும். என்ன பாட்டுங்க அது! ஒரே ஒரு வயலின். இப்பக் கேட்டாலும் எனக்கு இங்க என்னமோ பண்ணும். மொத ரூமு அவனோட சிக்னல் ரூமு. கடிகாரம், அடுப்பு, ஒரு நீளப் பெஞ்சு. கொடையை எடுத்தேன், கைமணியை எடுத்தேன், ரொட்டித் துண்டை எடுத்தேன். கெளம்பலாம்னு கதவு மேல அம்பைக் கொண்டு போனேன். இவ உட மாட்டீங்கறா. பெஞ்சுக்கடில ஒரு தீப்பெட்டி கெடக்குதாமா. 'அதையும் எடுத்துக்கங்ணா.' அம்பை வெச்சுப் பாத்தேன். காலித் தீப்பெட்டின்னு வருது. காலிங்க! உள்ள ஒரு குச்சி இருந்தாலும் பரவால்ல. 'குப்பையெல்லாம் எதுக்குடி?'ன்னேன். 'எதுக்காச்சும் ஆகுமுங்ணா, சும்மா வெப்பாங்களா'ங்கறா.

அவளுக்குச் சின்னதுல இருந்தே அந்தப் புத்திங்க. காலித் தீப்பெட்டி கண்டா உட மாட்டா. பொன்வண்டு புடிச்சு, நாலு கொன்னத் தழையைப் போட்டு அதுக்குள்ள வெச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போவா. முட்டை வெச்சிருக்குது பாருங்ணான்னு காதுகிட்ட வந்து ஆட்டுவா. பொறுக்கிச் சேத்தற புத்தி. நாம ரயிலு ஓட்டறமா, பழைய பேப்பர்காரனுக்குச் சாமான் சேத்தறமா? நான் முடியாதுன்னேன். அன்னிக்குப் பாத்துக் குச்சி கைக்குச் சிக்கல. சடைல இருந்த ஹேர்பின்னை உருவி, 'இதுங்ணா, இது, இதை எடுங்க, இதை எடுங்க'ன்னு குத்தறா. நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள சர்ருனு கீறல். எனக்கு எப்படி இருக்கும்? நல்லாக் குடுத்தேன். அடிக்கலீங்க, வாயிலதான். காட்டுக்கழுதை, உனக்கெல்லாம் எதுக்குடி கம்ப்யூட்டருன்னு கேட்டேன். வேற ஒண்ணும் சொல்லல. தீப்பெட்டியை எடுக்கல, கதவைத் தட்டுனேன், ரயிலு கெளம்பிருச்சு. பின்னாலயே பாலம் இடிஞ்சு உழுந்துச்சு. நெம்ப நல்லா பண்ணியிருந்தாங்க அதை.

அவ அதுலயும் ஒண்ணு சொன்னா. ஆட்டத்தைச் சேமிச்சு வெக்கறமில்லீங்க, 'மொத ரூமைத் தனியா ஒண்ணு சேமிச்சு வெச்சுக்கலாமுங்ணா, பின்னால வேணும்னாத் திரும்பி வரலாம்'னா. இது என்ன தாலுக்கா ஆபீஸா, எல்லாத்துக்கும் ரெண்டு நகல் வெக்கறதுக்கு? ஒண்ணு போதும்னு அது மேலயே சேமிச்சுட்டு வந்தேன். வந்த வழியில திரும்பற பழக்கம் எனக்கு இல்லீங்க.

நல்லாத்தான் போச்சு. பாதி மலை தாண்டியாச்சு. அப்பறம் அந்தக் கொகை. ரயிலு கொகை வாசல்ல நின்னு போயிரும். ரயிலு லாந்தர்ல எண்ணெ தீந்துருச்சு. உள்ள கும்மிருட்டு. தட்டுனா நம்மாளு ரெண்டு எட்டு வெச்சுட்டு, வெளிச்சமில்லாமப் போக மாட்டேன்னு திரும்பி வந்துருவான். அங்க ஒரே ஒரு மின்மினிப் பூச்சி மட்டும் பறந்துட்டு இருக்குது. கொடைல புடிச்சுப் பாத்தேன், பறந்துருச்சு. மணியக் கவுத்துப் பாத்தேன், பறந்துருச்சு. ரொட்டியை வெச்சேன். ம்ஹூம். இவ என்ன சொல்றான்னா, 'அதைப் புடிச்சுப் போட நம்மகிட்ட ஒண்ணுமில்லையேங்ணா. மொதல்ல இருந்து ஆடலாமா?'

எப்படி இருக்குது பாருங்க! பாதி மலை ஏறுனவனை அடிவாரத்துல இருந்து வான்னு சொல்றா. அவளுக்கு என்ன ஆசைன்னா, பொழுதன்னிக்கும் ஆடிட்டே இருக்கோணும். முடிச்சுட்டா அடுப்படிக்குப் போகோணுமில்லீங்க. நான் அசையல. இங்கயே ஒரு வழி இருக்கும், நீ பேசாம உக்காருன்னு சொல்லிட்டேன்.

அப்படியே ஒரு வாரம் நின்னுச்சு. அதுக்குள்ள ரிசல்ட்டு வந்துருச்சு. நல்ல மார்க்குங்க. அந்தப் பள்ளிக்கூடத்துலயே மொத மார்க்கு. எங்கப்பா மத்தியானம் காட்டுல இருந்து வந்தவரு, தலைத் துண்டைக்கூட அவுக்காம வந்து இந்த நெலைக்கதவைப் புடிச்சுட்டு நின்னாரு. வாணி ஸ்டூலு மேல இருக்கறா, கையில குச்சி. நான் கொகைக்குள்ள. 'என்றா சம்பத்து, இவ கம்ப்யூட்டரு படிக்கோணும்னு ஒரே புடியா நிக்கறா. அந்த வெள்ளகோயலுச் சாதகமும் பொருந்தி வந்திருக்குது, எண்ணெ மில்லுக்காரங்க. நீதான் படிக்கறயே, உனக்குத்தான் தெரியும். நீ என்ன சொல்ற, சேத்தலாமா, வேண்டாமா?'ன்னாரு.

சரியா அந்த நேரம் பாத்து அந்தப் பூச்சி கொகைச் செவுத்துல போயி உக்காருதுங்க! அது வரைக்கும் ஒரு நாளும் உக்காந்ததில்ல. கண்ணை எடுக்க முடியுமுங்களா? 'உங்க இஷ்டமுங்கப்பா'ன்னேன். பெத்தவரு இருக்கறப்ப நான் முந்திட்டு ஒண்ணு சொல்றது மொறையில்லீங்களே. வேண்டாம்னு நான் சொல்லலீங்க. அதை எங்க வேணும்னாலும் வந்து சத்தியம் பண்ணுவேன். எங்கப்பா கொஞ்ச நேரம் நின்னாரு. 'அவனே ஒண்ணும் சொல்ல மாட்டீங்கறான், அப்ப இருக்கட்டும்'னுட்டுக் கை கழுவப் போயிட்டாரு.

நான் பூச்சியத் தட்டுனேன். பறந்துருச்சு. திரும்பிப் பாக்கறேன், ஸ்டூலுல ஆளக் காணம். குச்சி மட்டும் கெடக்குது, ரெண்டா ஒடிஞ்சு. அடுப்படில இருந்து அம்மிக்கல்லு சத்தம் கேக்குது. சரி, கீறலுக்கு வஞ்சதை நெனச்சுட்டுக் கோவிச்சுட்டா, நாளைக்கு வந்துருவான்னு உட்டுட்டேன்.

என்னங்க? ஆமாங்க, கீறுனது ஆட்டம் ஆரம்பிச்ச அன்னிக்கு. எந்திரிச்சுப் போனது இது. நடுவுல மாசத்துக்கு மேல எம்பக்கத்துலதான் உக்காந்திருந்தா, நல்லாத்தான் பேசுனா. அதைத்தானுங்க நானும் சொல்றேன்! அத்தன நாளும் மனசுக்குள்ளயே வெச்சிருந்திருக்கறா பாருங்க. பொம்பளைங்க கோவம் உமில வெச்ச நெருப்பாட்டம். எப்பப் புடிக்கும்னு சொல்ல முடியாது.

அடுத்த வைகாசில கல்யாணம். ஒரு கொறையும் வெக்கலீங்க. தாலி ஏறறப்ப நான் அழுத அழுகையை மண்டபமே பாத்துச்சு. மறு அழைப்புக்கு மாப்பிள்ளையோட வந்திருந்தா. எல்லாரும் சாப்பிட்டுப் படுத்ததுக்கு அப்பறம் மெதுவாக் கேட்டேன், 'அம்மிணி, அந்தக் கொகைல என்ன பண்றதுன்னு ஏதாச்சும் ரோசனை வந்துச்சா? வா, ஒருக்காப் பாக்கலாம்.' சிரிச்சா. புதுத் தாலியைக் கையில புடிச்சுட்டு, 'அது மொத ரூம்லயே முடிஞ்சுதுங்ணா'ன்னா. அவ்வளவுதான், எந்திரிச்சுப் போயிட்டா. எகத்தாளம் பாத்தீங்களா? தெரிஞ்சாத் தெரியும்னு சொல்லோணும், தெரியாட்டித் தெரியாதுன்னு சொல்லோணும். இது என்னங்க பேச்சு?

நோம்பிக்கு வருவா. சீருக்கு வருவா. சுகுணாகூட அடுப்படில உக்காந்து மணிக்கணக்காப் பேசுவா. எங்கம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப இருந்து பாத்துட்டுப் போனா. எல்லாம் செய்வா, இந்த ரூமுப் படி மட்டும் ஏற மாட்டா. 'நீங்களே ஆடுங்ணா'ம்பா. நானும் படிச்சு முடிச்சேன், முடிச்சேன்னா என்னங்க, ரெண்டு பேப்பரு பாக்கி. பொறவு காடு, தேங்கா, கொப்பரைக் களம்னு ஆயிப்போச்சு. ஆனா இந்த மிசினை நான் கைவிடல. நோம்பிக்கு நோம்பி போட்டுப் பாப்பேன். அவ வந்தா நிக்கற எடத்துல இருந்து ஆடறதுக்கு ரெடியா இருக்கோணுமில்லீங்க.

போனுல தட்டுனா வெடை வருமுன்னு எனக்கும் தெரியுமுங்க. எல்லாரும் சொன்னாங்க. பரிச்சைல பிட்டடிச்சுப் பாஸாகறதுக்கு நான் ஆளில்ல. அதுவுமில்லாம, அவ ஒருக்கா இந்த ஸ்டூலுல வந்து உக்காந்து, 'எனக்கும் தெரியலீங்ணா'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுக்குத்தானுங்க இத்தன வருசம். அது போதும் எனக்கு.

இப்ப எதுக்கு விக்கறேன்னு கேட்டீங்கன்னா, இந்த ஆனில அவ புள்ளையை மெட்ராசுக்குக் கொண்டு போயிக் காலேஜ்ல சேத்திருக்கறா. என்ன படிப்புங்கறீங்க? கம்ப்யூட்டரு! தாய்மாமன் நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்ட இருக்கறேன், என்னைய ஒரு வார்த்தை கேக்கல. சேத்துட்டு வந்து, ஆஸ்டல்ல உட்டுட்டு வந்து, அப்பறம் போன் பண்றா. எனக்குப் பொக்குனு போச்சுங்க. மொறை தெரிஞ்ச குடும்பத்துல இப்படிப் பண்ணுவாங்களா? ஏன் அம்மிணி, ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கோணும்னு தோணலியான்னேன். 'கேட்டா உங்க இஷ்டமுன்னு சொல்லுவீங்க, அதாங்ணா கேக்கல'ன்னா. சொல்லுங்க, இதுக்கு என்ன அர்த்தம்? மரியாதையா உங்க இஷ்டமுன்னு சொல்றதுலகூடத் தப்புக் கண்டுபுடிச்சா அண்ணங்காரன் எங்க போயி நிக்கறது? அன்னிக்குத்தான் சுகுணாகிட்டச் சொன்னேன், போடு வெளம்பரத்தைன்னு.

இருங்க, இருங்க. அடுத்த வண்டி. சுகுணா... பாத்தியா? நல்லாப் பாத்தியா, நீலச் சேலை யாரும் எறங்கலியா? சரி, போன் போட்டே கேட்டுப் போடறேன். ஸ்பீக்கர்ல போட்டா நீங்களும் கேட்டுக்கலாம், நான் இல்லாததைச் சொல்லலைன்னு தெரியும்.

அம்மிணி, எங்க வந்துட்டிருக்கற?

...கேட்டீங்களா? கேட்டீங்கல்ல? 'குடுத்துருங்ணா. புள்ளை லீவுக்கு வந்திருக்கறா, அவகூட உக்காந்திருக்கறேன்'ங்கறா. அது என்ன பாட்டுச் சத்தம் பின்னாடி? டிவியா இருக்கும். சிரிப்புச் சத்தம் வேற. 'அம்மா, நீ அங்க தட்டு'ன்னு அந்தப் புள்ளை சொல்லுது, என்னத்தத் தட்டச் சொல்லுதோ. வெச்சுட்டா. அண்ணன் வேணாம், அண்ணன் கூட ஆடுன ஆட்டம் வேணாம்.

நல்லதுங்க. போகட்டும். ஒரு தடவ ஓட்டிக் காட்டறேன், பாத்துட்டு எடுத்துக்குங்க. இல்லீங்க, நீங்க உக்காருங்க, மவுஸை நான் புடிக்கறேன். என்ன பண்ணோணும்னு நீங்க சொல்லுங்க. ஆமாங்க, இதுதான் கொகை. பைக்குள்ள என்ன இருக்குதுன்னா, கொடை, மணி, ரொட்டி. அவ்வளவுதான். ஏனுங்க தலையை ஆட்டறீங்க?

முடியாதுங்களா? எப்படி முடியாம இருக்கும்? ஆட்டத்தை முடியாத மாதிரியா பண்ணுவாங்க?... ஓ. அந்தக் காலத்து ஆட்டத்துல அப்படியும் இருக்குமுங்களா? மொத ரூம்ல எடுக்கலைன்னா அப்பறம் எங்கயும் கெடைக்காதா? ஆனா அது பாட்டுக்கு ஓடிட்டுத்தான் இருக்குமுங்களா, செத்துப் போச்சுன்னு சொல்லாமயே?... சரி, நீங்க சொல்றீங்க, மொதல்ல இருந்து போட்டுப் பாக்கறேன். வயலினு கேக்குதுங்களா? நான் சொன்னேன்ல. இதோ வருது பாருங்க சிக்னல் ரூமு. கடிகாரம். அடுப்பு. பெஞ்சு. எங்க, எதை எடுக்கோணும்? வெரலு வெக்காதீங்க தம்பி, வாயில சொல்லுங்க, ரேகை...

இருங்க.

அந்தக் கீறலு. பெஞ்சுக்கடில, அந்தத் தீப்பெட்டி மேலயே இருக்குது பாருங்க. இத்தனூண்டு கூடத் தள்ளியில்ல, நேரா அது மேலயே. ஒரு கோடுன்னுதான் இத்தன நாளும் நெனச்சுட்டு இருந்தேன். ஒண்ணில்லீங்க. ஒண்ணு மேல ஒண்ணு, ஒண்ணு மேல ஒண்ணு. கண்ணாடி தேயற வரைக்கும் குத்தியிருக்கறா.

ஏனுங்க தம்பி, நான் ஒண்ணு கேக்கறேன், ஞாயத்தைச் சொல்லுங்க. இத்தன தெரிஞ்சவ, கூடப் பொறந்தவங்கிட்ட ஒரு வார்த்தை வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமில்லீங்க?

சரி, உடுங்க. பொழுதாச்சு, கழட்டிக்குங்க. மானிட்டரு, பொட்டி, கீபோர்டு, சீடி, எல்லாத்தையும் எடுத்துக்குங்க. இந்த ஸ்டூலு வேணும்னாலும் கொண்டு போங்க. மவுஸை மட்டும் வெச்சுட்டுப் போயிருங்க. அது என்றது.